இமை தாழ்ந்தால் தாமதம் வேண்டா

வன்னிப் பெருநிலத்திலே காலபோக நெல் முற்றிவரும் நாட்கள். யானைக்கும் பன்றிக்கும் காவலிருந்துவிட்டு நள்ளிரவில் கொட்டிலுக்குத் திரும்பிய கமக்காரர் ஒருவர், பாயை விரித்துத் தரையிலே படுத்து உறங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். விடியற்புறத்தில் வயிற்று நோவுடன் எழும்புகிறார். உடம்பிலே காயம் எதுவும் இல்லை, வீக்கமும் இல்லை. தேநீர் கொண்டுவந்த மனைவி அவர் முகத்தைக் கூர்ந்து பார்க்கிறாள்.

“இஞ்சாருங்கோ, கண் ஏன் இப்படிச் சொருகிக் கிடக்குது?”

“ராத்திரி முழுக்க நித்திரை இல்லையப்பா. வயிறும் நோகுது. கொஞ்சம் படுத்தால் சரிவரும்.”

இக்காட்சி நாம் கற்பித்தது. ஆனால் இதனைப் போன்ற நிகழ்ச்சிகள் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு ஆகிய மாவட்டங்களுக்குப் புதியனவல்ல. அந்த மனைவி கண்டது நித்திரைக் குறைவன்று. நஞ்சின் முதல் அடையாளம். “கொஞ்சம் படுத்தால் சரிவரும்” என்ற சொல்லைக் கேட்டு அவள் அமைதியடைந்தால் ஓர் உயிர் போகலாம். ஐயுற்று அவரை உடனே வைத்தியசாலைக்கு அனுப்பினால் அவ்வுயிர் நிலைக்கலாம். இமை தாழ்வதற்கும் பாம்பின் நஞ்சுக்கும் என்ன தொடர்பு? இவ்வினாவுக்கு விடை காணவேண்டுமாயின், கண்ணை அசைக்கும் நரம்புகளைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்ளுதல் அவசியம்.

கண்ணை ஆட்டுவிக்கும் மூன்று நரம்புகள்

நமது ஒவ்வொரு கண்ணையும் ஆறு சிறு தசைகள் பற்றி நிற்கின்றன. மேலே, கீழே, உள்ளே, வெளியே என நான்கு நேர்த்தசைகள். கண்ணைச் சுழற்றித் திருப்ப இரண்டு சரிவுத் தசைகள். இவையன்றி, மேலிமையைத் தூக்கிப் பிடிப்பதற்கெனத் தனியாக ஒரு தசையும் உண்டு. நாம் விழித்திருக்கும் நேரம் முழுவதும் அத்தசை ஓயாது உழைக்கின்றது. அது கைவிட்ட கணமே இமை தானாக விழுந்துவிடும்.

இத்தசைகளுக்கு மூளையிலிருந்து கட்டளை கொண்டுவருபவை மூன்று நரம்புகள். மூளையிலிருந்து நேரே புறப்படும் கபால நரம்புகளைப் பண்டைக் கிரேக்க வைத்தியர் கேலன் ஏழு சோடி என எண்ணினார். இன்று நாம் வழங்கும் பன்னிரண்டு சோடி என்ற கணக்கை 1778இல் வகுத்தவர் செர்மனிய அறிஞர் சாமுவேல் சோமரிங். அப்பன்னிரண்டில் மூன்றாவது, நான்காவது, ஆறாவது ஆகியவை கண்ணின் அசைவுக்கே உரியவை.

மூன்றாவது நரம்பே கண்ணியக்க நரம்பு என்னும் பெயர் பெற்றது. ஆறு தசைகளுள் நான்கினை அதுவே ஆள்கின்றது. இமையைத் தூக்குவதும், வெளிச்சம் பட்டவுடன் கண்மணியைச் சுருக்குவதும், அருகிலுள்ள எழுத்தைப் படிக்கக் கண்வில்லையைத் திரட்டுவதும் அதன் பணிகளே. நான்காவது நரம்பு மிக மெல்லியது. மூளைத்தண்டின் பின்புறத்திலிருந்து வெளிவரும் ஒரே கபால நரம்பு அதுதான். கப்பியில் ஓடும் கயிறு போல ஒரு சிறு வளையத்தினூடாக ஓடும் சரிவுத் தசை ஒன்றை அது இயக்குகின்றது. ஆறாவது நரம்பு கண்ணை வெளிப்புறமாகத் திருப்புவது.

இச்செய்திகளைத் தமிழிலே படிப்பது நம்மவர்க்குப் புதிதன்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் வைத்தியப் பள்ளி நடத்திய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மேனாட்டு வைத்தியத்தை நம் மாணவர்க்குத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூற்று நூல்களையும் தமிழாக்கி வெளியிட்டார். ஆங்கிலம் அறியாதவனும் தன் உடம்பை அறியலாம் என்பதை ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே அவர் மெய்ப்பித்துக் காட்டினார்.

நரம்பின் நுனியில் நடப்பது என்ன?

நரம்பு தசையை நேரே தொடுவதில்லை. இரண்டுக்கும் நடுவே மிக நுண்ணிய இடைவெளி உண்டு. மூளையின் கட்டளை நரம்பின் நுனியை அடைந்ததும், அங்கே நுண்பைகளில் சேமித்து வைக்கப்பட்டிருக்கும் அசற்றைல்கோலின் என்ற இரசாயனப் பொருள் வெளிப்படுகின்றது. அது இடைவெளியைக் கடந்து தசையிலுள்ள ஏற்பிகளிற் படிந்தால்தான் தசை சுருங்கும்.

வன்னி மக்களுக்கு இதனை எளிதாக விளக்கலாம். மூளையை இரணைமடுக் குளமாகவும், நரம்பை அதிலிருந்து ஓடும் வாய்க்காலாகவும், தசையை வயலாகவும் கொள்வோம். குளத்திலே நீர் நிறைந்திருக்கலாம். வாய்க்காலிலும் நீர் ஓடலாம். ஆயினும் வயலுக்குள் நீர் பாயும் வாய் கெட்டுவிட்டால் பயிர் வாடத்தானே செய்யும்? பாம்பின் நஞ்சு தாக்குவது அந்த வாயைத்தான். குளத்தை அது தொடுவதில்லை. நஞ்சேறியவரின் மூளை தெளிவாகவே இருக்கின்றது என்னும் இவ்வுண்மையை வாசகர்கள் நினைவில் இருத்துவார்களாக. பின்னர் அதற்கு மீண்டும் வருவோம்.

நாகபாம்பின் நஞ்சு பெரும்பாலும் தசையின் பக்கத்திலுள்ள ஏற்பிகளை அடைத்துக்கொள்கின்றது. வயல் வாயிலே யாரோ களிமண்ணை அப்பிவிட்டது போன்றது இது. கட்டுவிரியனின் நஞ்சோ இன்னும் கொடியது. நரம்பு நுனியினுள்ளே புகுந்து நுண்பைகளை வெறுமையாக்கி, அந்நுனியையே சிதைத்துவிடுகின்றது. களிமண்ணை வழித்தெடுக்கலாம், உடைந்து சிதைந்த வாயை மறுபடியும் கட்டித்தானே ஆகவேண்டும்?

கட்டுவிரியன் இனப் பாம்பொன்றின் நஞ்சிலிருந்து இவ்விரு வகை நச்சுப் புரதங்களையும் பிரித்தெடுத்து 1963இல் உலகுக்கு அறிவித்தவர்கள் தைவான் நாட்டு அறிஞர்களாகிய சாங், லீ என்போர். நரம்பும் தசையும் பேசிக்கொள்ளும் முறையை விஞ்ஞானிகள் பின்னர் ஆராய்வதற்கு அந்நஞ்சே ஒரு கருவியாயிற்று. உயிரைக் கொல்லும் பொருளே உயிரின் இரகசியத்தைத் திறக்கும் திறவுகோலும் ஆனது விந்தையன்றோ?

இனி, உடம்பில் எத்தனையோ தசைகள் இருக்க, இமையும் கண்ணும் முதலில் தளர்வது ஏன்? கண் தசைகள் மற்றைத் தசைகளைப் போன்றவையல்ல. நாம் ஒரு பக்கத்தைப் படிக்கையில் கண் ஒரு வினாடியில் மூன்று முறையளவில் தாவித் தாவிச் செல்கின்றது. இவ்வேகத்துக்கு ஈடுகொடுக்க, இடையறாது விரைந்து கட்டளைகள் வந்தவண்ணம் இருத்தல் வேண்டும். இவற்றின் நரம்பு முனைகளில் கையிருப்பும் குறைவு என அறிஞர் கருதுகின்றனர். ஆகவே நஞ்சு சிறிது பரவினாலும் அதன் விளைவு முதலில் இங்கேதான் தெரிகின்றது. கடைமடை வயலே முதலில் வரட்சியை உணர்கின்றதல்லவா?

எட்டடியா, எட்டு மணியா?

கட்டுவிரியனை எட்டடி விரியன் என்றும் நம்மவர் சொல்வதுண்டு. கடியுண்டவர் எட்டு அடி வைக்குமுன் வீழ்ந்துவிடுவார் என்பது அப்பெயருக்குச் சிலர் கூறும் பொருள். இது பேரச்சத்தினால் எழுந்த பேச்சு. உண்மையில் இந்நஞ்சு பெரும்பாலும் மெல்ல மெல்லவே வேலை செய்கின்றது. இமை தாழ்வதற்குச் சிலருக்கு அரை மணி நேரமும் சிலருக்குப் பல மணி நேரமும் செல்லும். அந்த இடைவேளையே நமக்குக் கிடைக்கும் வாய்ப்பு. “எட்டடிக்குள் எல்லாம் முடிந்துவிடும்” என்று நம்பிக் கைசோர்வோரும், “இரண்டு மணி நேரமாகியும் ஒன்றுமில்லையே” என்று வாளாவிருப்போரும் ஒரே தவற்றையே இழைக்கின்றனர்.

இப்பாம்பு பளபளப்பான கருநிறம் உடையது. முதுகின் குறுக்கே மெல்லிய வெள்ளை வளையங்கள் இருக்கும். பகலில் ஒதுங்கிக் கிடந்து இரவில் எலி, பல்லி, ஏனைய பாம்புகள் ஆகியவற்றைத் தேடித் திரியும். அவ்வாறு திரிகையில் தரையில் உறங்குவோர் மீது ஊர்ந்து, அவர் புரளும்போது கடித்துவிடுகின்றது. பற்கள் சிறியவை, கடி பெரும்பாலும் நோவதில்லை, தடமும் தெரிவதரிது. கடியுண்டவர் பலர் அதனை அறியாமலே மீண்டும் உறங்கிவிடுகின்றனர்.

வவுனியாவுக்குத் தெற்கே அடுத்துள்ள அநுராதபுரத்தில், 1996 முதல் 1998 வரை கட்டுவிரியன் கடிக்கு ஆளான 210 நோயாளரை வைத்திய நிபுணர் குலரத்ன ஆராய்ந்தார். அவர்களிற் பெரும்பாலோர் இரவில் தரையிற் படுத்திருந்தவர்கள். ஏறத்தாழப் பாதிப் பேருக்கு மூச்சுத் தசைகள் செயலிழந்து, இயந்திரத்தின் உதவியால் சுவாசம் ஊட்டவேண்டியதாயிற்று. அவ்வாறிருந்தும் மிகப் பெரும்பாலோர் உயிர் பிழைத்தனர் என்பதே நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டிய செய்தி.

இலங்கை முழுவதையும் தழுவி வீடு வீடாக நடத்தப்பெற்று 2016இல் வெளியான ஆய்வொன்று, பன்னிரண்டு மாதங்களில் ஏறத்தாழ 80,000 பேர் பாம்புக் கடிக்கு ஆளானதாகவும், அவர்களுள் ஏறத்தாழ 30,000 பேருக்கு நஞ்சேறியதாகவும், 400க்கு மேற்பட்டோர் இறந்ததாகவும் மதிப்பிட்டது. வரண்ட வலயத்தில் வாழும் வன்னி மக்கள் இக்கணக்கைப் பிறர் கதையாகப் படித்தல் இயலாது. 2009க்குப் பின் மீளக் குடியேறியோரிற் பலர், காடு மண்டிக் கிடந்த காணிகளிலே தற்காலிகக் கொட்டில்களை அமைத்துத் தரையிலே படுத்துறங்கியோர் என்பதை நாம் மறக்கலாகாது. ஏழையின் பாய்க்கும் கட்டிலுக்கும் இடையேயுள்ள உயரம் ஒன்றரை அடிதான். ஆனால் அவ்வொன்றரை அடியே உயிருக்கும் சாவுக்கும் இடைப்பட்ட தூரமாகிவிடுகின்றது.

நம் நாட்டில் கண்ணாடி விரியன் கடித்தாலும் இமை தாழ்வதுண்டு. ஆனால் அங்கே குருதி உறையாமற் போதலும் சிறுநீரகம் கெடுதலுமே பெரிய ஆபத்துக்கள். கடித்த இடமும் நொந்து வீங்கும். நோவும் வீக்கமும் இல்லாது விடியற்காலையில் வயிற்று நோவும் இமைத் தாழ்வும் சேர்ந்து வந்தாற் கட்டுவிரியனையே முதலில் ஐயுறுதல் வேண்டும்.

வீட்டார் பார்க்கவேண்டிய அடையாளங்கள்

ஐயம் ஏற்பட்டால் சில எளிய சோதனைகளை எவரும் செய்யலாம். தலையை அசைக்காமல் மேலே பார்க்கும்படி நோயாளியிடம் சொல்லுங்கள். இமைகள் உயராவிடின், அல்லது சிறிது நேரத்தில் தளர்ந்து விழுந்துவிடின் அது எச்சரிக்கை. விரலை இடமும் வலமும் அசைத்து, கண் அதனைப் பின்தொடர்கின்றதா எனப் பாருங்கள். ஒரு விளக்கு இரண்டாகத் தெரிகின்றதா எனக் கேளுங்கள். நாக்கை நீட்டவும், உமிழ்நீரை விழுங்கவும், படுத்தபடியே தலையைத் தூக்கவும் இயல்கின்றதா என்று கவனியுங்கள். ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ணுகிறார் என்பதையும் நேரத்துக்கு நேரம் ஒப்பிடலாம். தளர்ச்சி இமையில் தொடங்கித் தொண்டைக்கும், கழுத்துக்கும், இறுதியில் மூச்சுக்கும் இறங்குவதே இந்நஞ்சின் வழி.

ஆனால் இச்சோதனைகளைச் செய்துகொண்டு வீட்டில் காத்திருத்தல் கூடாது; வைத்தியசாலைக்குச் செல்லும் வழியிலேயே செய்தல் வேண்டும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச நோயாளர் வண்டி கிடைக்கும். அது வரத் தாமதமாகுமெனின் கிடைத்த வாகனத்திலே புறப்படுவது மேல். கடித்த இடத்தை வெட்டுதல், வாயால் உறிஞ்சுதல், கயிற்றால் இறுக்கிக் கட்டுதல் ஆகியவை நன்மை செய்யாமல் தீமையே விளைக்கும். மோதிரம், காப்பு முதலியவற்றைக் கழற்றிவிடுங்கள். கடியுண்ட உறுப்பை அசையாமல் வைத்திருங்கள். உண்ணவோ பருகவோ எதுவும் கொடாதீர்கள். விழுங்கமுடியாத தொண்டையிலே தேநீரும் மூச்சை அடைக்கும். உமிழ்நீர் வழியுமாயின் ஒருபக்கமாகச் சரித்துப் படுக்கவையுங்கள். பாம்பைத் தேடிப் பிடிக்க முயன்று இன்னொருவர் கடியுண்ண வேண்டா.

ஊரிலுள்ள விஷகடி வைத்தியரிடம் செல்வது நம் முன்னோர் வழக்கம். அவர்களுடைய அநுபவத்தை நாம் இகழவில்லை. ஆயினும் நின்றுபோகும் மூச்சை ஊட்டும் இயந்திரம் அவர்களிடம் இல்லை. நோயாளியின் இமை தாழ்ந்திருப்பதைக் கண்டவுடன், “நேரம் போக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ” என்று சொல்லி அனுப்புபவரே நல்ல வைத்தியர்.

மருந்தும் மூச்சும்

இங்கே வழங்கப்படும் நஞ்செதிர் மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் எதிராக இந்தியாவிலே குதிரைகளின் குருதியிலிருந்து செய்யப்படுவது. சிலருக்கு அது கடும் ஒவ்வாமையை உண்டாக்கும். எனவே வைத்தியர்கள் அருகிருந்து கவனித்தே அதனை ஏற்றுவர். மருந்து கொடுப்பதற்கு முன் சிறிதளவு அட்ரினலினைத் தோலின்கீழ் ஏற்றினால் அவ்வாபத்துக் குறையும் என்பதை 1,000க்கு மேற்பட்ட நோயாளரைக் கொண்டு இலங்கை மருத்துவர்களே ஆராய்ந்து 2011இல் நிறுவினர். உலகுக்கு நம் நாடு வழங்கிய நற்பணிகளுள் இதுவும் ஒன்று.

எதிர்மருந்து குருதியில் ஓடும் நஞ்சையே கட்டுப்படுத்தும். முன்னரே சிதைந்த நரம்பு நுனிகளை அது சீராக்காது. அவை தாமாகவே மீண்டும் வளர்தல் வேண்டும். அதற்குச் சில நாட்களோ சில வாரங்களோ ஆகலாம். அதுவரை நோயாளிக்கு வேறு யாரேனும் மூச்சு விட்டுத் தரவேண்டும். இங்கே 1952ஆம் ஆண்டு தென்மார்க்கு நாட்டுக் கோப்பன்கேகன் நகரில் நடந்ததை மாணவர்கள் அறிதல் நன்று. இளம்பிள்ளைவாதம் அந்நகரைத் தாக்கியபோது மூச்சுத் தசை செயலிழந்தோருக்குப் போதிய இயந்திரங்கள் இல்லை. பியோன் இப்சன் என்ற வைத்தியரின் யோசனைப்படி, ஏறத்தாழ 1,500 மாணவர்கள் முறை வைத்துக்கொண்டு, இரவும் பகலும் இறப்பர்ப் பையைக் கையால் அமுக்கி நோயாளருக்குச் சுவாசம் ஊட்டினர். இன்றைய அவசர சிகிச்சைப் பிரிவுகளின் தோற்றம் அங்கேதான். சிறிய வைத்தியசாலையிலிருந்து பெரிய வைத்தியசாலைக்கு நோயாளியைக் கொண்டுசெல்லும் வழியில், தாதி ஒருவர் அமுக்கும் பையும் அதே பணியைத்தான் செய்கின்றது.

சாகாதவரைச் செத்தவரென்று சொல்லலாமா?

முன்னர் நினைவில் இருத்தும்படி கேட்டுக்கொண்ட உண்மைக்கு இப்போது வருவோம். நஞ்சு முற்றிய நோயாளி கண் திறக்கமாட்டார், பேசமாட்டார், கை விரலையும் அசைக்கமாட்டார். கண்மணிகள் விரிந்து, வெளிச்சத்துக்குச் சுருங்காமலும் இருக்கலாம். பார்ப்பவர் “எல்லாம் முடிந்தது” என்றே எண்ணுவர். ஆனால் அவருடைய இதயம் துடித்துக்கொண்டிருக்கும், மூளை விழித்திருக்கும், அருகிலிருப்போர் பேசுவதை அவர் கேட்டுக்கொண்டும் இருக்கலாம். குளம் வற்றவில்லை, வாய்தான் உடைந்திருக்கின்றது.

ஆகவே இத்தகைய நோயாளியின் கட்டிலருகே நின்று ஒப்பாரி வைப்பதும், செலவைப் பற்றியும் சடங்கைப் பற்றியும் பேசுவதும் பெருங்கொடுமை. “நீங்கள் சுகப்படுவீர்கள், நாங்கள் பக்கத்திலேதான் இருக்கிறோம்” என்று காதோடு சொல்லுங்கள். அவர் பதில் சொல்லமாட்டார். பல நாட்களின் பின்னர், இமை ஒரு நெல்மணி அளவு உயரும்போது, அச்சொல் வீண்போகவில்லை என்பதை நீங்கள் அறிவீர்கள்.

வேறு காரணங்களும் உண்டு

இமை தாழ்ந்தாலெல்லாம் பாம்புக் கடி என்று அஞ்சுவதும் தவறு. நஞ்சு இரு கண்களையும் ஒருங்கே தளர்த்துகின்றது. ஒரு கண் மாத்திரம் திடீரெனத் தாழ்ந்து வெளிப்புறமாகத் திரும்பி நின்றால், மூன்றாவது நரம்பிலேயே கோளாறு இருக்கலாம். நீரிழிவு நோயாளருக்கு அந்நரம்புக்குச் செல்லும் குருதி குறைந்து இவ்வாறு நேர்வதுண்டு. பெரும்பாலும் சில மாதங்களில் அது தானே தேறும். ஆனால் கடுந்தலைவலியுடன் ஒரு கண்ணின் இமை தாழ்ந்து, கண்மணியும் விரிந்திருப்பின் மூளையின் நாடியொன்று புடைத்து அந்நரம்பை அழுத்துகின்றது என ஐயுறவேண்டும். அதுவும் ஒரு கணமும் தாமதிக்கலாகாத ஆபத்து.

நுளம்பு வலையின் இரண்டாவது தொழில்

வருமுன் காக்கும் வழி எளியது. கட்டிலில் உறங்குதல், வலையின் ஓரங்களைப் படுக்கையின்கீழ் நன்கு செருகுதல், வீட்டைச் சுற்றி விறகும் கல்லும் குவியாது பார்த்துக்கொள்ளுதல், நெல்மூட்டைக்கு அருகே படுக்காதிருத்தல், ஏனெனில் நெல்லை நாடி எலி வரும், எலியை நாடிப் பாம்பு வரும், இரவில் வெளிக்கிடும்போது விளக்கைக் கையிலெடுத்தல். முன்னொரு காலத்தில் வன்னியை வாட்டிய மலேரியாவுக்கு அஞ்சியே நம்மவர் வலை கட்டிப் படுத்தனர். 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடு என உலக சுகாதார நிறுவனம் சான்று அளித்தது. அம்மகிழ்ச்சியில் வலையைச் சுருட்டி வைத்துவிடாதீர்கள். நுளம்பைத் தடுத்த வலை பாம்பையும் தடுக்கும்.

பாம்புக் கடியால் நேரும் மரணத்தையும் ஊனத்தையும் 2030க்குள் பாதியாகக் குறைக்கவேண்டும் என 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலக்கு வகுத்தது. அவ்விலக்கு ஜெனீவாவில் வகுக்கப்பட்டதாயினும், அது நிறைவேறுவது வன்னியின் கொட்டில்களிலேதான். நாளை விடியலில் உங்கள் வீட்டில் ஒருவர் வயிறு நோகின்றதென்று எழும்பினால், அவர் முகத்தை ஒருமுறை நிமிர்த்தி, மேலே பார்க்கச் சொல்லுங்கள். இமை உயரவில்லையாயின், “கொஞ்சம் படுத்தால் சரிவரும்” என்ற சொல்லைக் கேளாதீர்கள்.